கைத்தொலைபேசியும் பரீட்சை மீதியும்

நமது கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுச் செயலாளர் அன்புடன் பணித்தபொழுது, எதனை எழுதுவதென்று எனக்குப் பெருந் தயக்கம் உண்டாயிற்று. கல்லூரியின் வரலாற்றை எழுத வல்லார் பலர் உளர். விளையாட்டுத் துறையிலே புகழ் நாட்டியவர்களும், மேடைகளில் வெற்றி முழக்கியவர்களும் தத்தம் அனுபவங்களை எழுதுவர். அறுபதுகளிலே வர்த்தகப் பிரிவிற் கற்று, கணக்குப் பதிவதையே சீவனோபாயமாகக் கொண்டு, நாற்பது ஆண்டுகளாகச் சிட்னி நகரில் வாழும் என் போன்றோன் யாது கூறுவது? இவ்வாறு எண்ணியிருந்த எனக்குச் செயலாளரின் மடலின் கடைசி வரியே பொருளைத் தந்தது. “கட்டுரையை வாட்ஸப்பில் அனுப்பினாற் போதும், ஐயா” என்று அவர் எழுதியிருந்தார்.

மிக எளிய வரி. ஆயினும் 2024 ஆம் ஆண்டில் இவ்வரி எனக்கு வந்திருப்பின், “அத்தகைய கருவி என்னிடம் இல்லை, வேண்டவும் இல்லை” என்று சிறிது பெருமிதத்துடனேயே விடை எழுதியிருப்பேன். அந்தப் பெருமிதம் எவ்வாறு நீங்கிற்று என்பதையே இங்கு எழுதத் துணிகின்றேன். நமது கல்லூரியில் நான் கற்ற பாடமொன்றைப் பாதியளவே நினைவில் வைத்திருந்ததனால் வந்த வினை இது. ஆதலால் இம்மலரில் இதற்கு இடம் உண்டென நம்புகின்றேன்.

நாங்கள் கற்ற காலத்திற் கல்லூரியில் இருந்தது ஒரேயொரு தொலைபேசி. அதிபரின் அறையில், கறுப்பு நிறத்துடன், மேசையின் ஓரத்தில் அது வீற்றிருந்தது. மூலத்தானத்து மூர்த்தியைத் தரிசிப்பது போல நாம் அதனை வாயிலில் நின்றே தரிசித்தோம். மணியோசை மட்டும் எங்கள் வகுப்பறை வரை கேட்கும். ஊரிலே தபாற்கந்தோரில் மற்றொன்று இருந்தது. தந்திச் சேவகன் படலையைத் திறந்தால் உறையைப் பிரிப்பதற்கு முன்னரே பெண்கள் அழத் தொடங்கிய காலம் அது. செய்தியென்றால் நடந்து வருவது அல்லது கடுதாசியில் வருவது என்ற எண்ணத்திலேயே நாம் வளர்ந்தோம்.

அக்காலத்தில் எமக்குக் கணக்குப்பதிவியல் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவரை என் வயதொத்த பழைய மாணவர்கள் மறந்திரார். வெள்ளை வேட்டியும் நாஷனலும் அணிந்து, கமுக்கட்டில் ஒரு குடையுடன், மூன்று மைல் தூரத்தை நாடோறும் நடந்தே வருவார். ஏனைய ஆசிரியர்கள் சைக்கிளில் வருவர். ஓரிருவர் காரிலும் வருவர். “சேர், ஒரு சைக்கிள் வாங்கக் கூடாதா?” என்று நாம் கேட்டால், “கால்கள் இரண்டு இருக்கச் சில்லுகள் இரண்டு எதற்கடா?” என்று சிரிப்பார். அவ்வார்த்தை எங்கள் வகுப்பிற் பழமொழி போலாயிற்று. பாடத்தில் அவர் அடிக்கடி வற்புறுத்துவது இன்னொன்று. பரீட்சை மீதியின் இரு பக்கங்களும் பொருந்திவிட்டால் நாம் ஆரவாரம் செய்வோம். “பொருந்திவிட்டதென்று துள்ளாதீர்கள். எழுதிய பதிவுகளைத்தான் பரீட்சை மீதி பார்க்கும். எழுதாமலே விட்ட பதிவை அது ஒருநாளும் காட்டாது” என்பார். பரீட்சைக்காக இதனை மனனஞ் செய்தேன், புள்ளியும் பெற்றேன்.

1984 ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறி அவுஸ்திரேலியாவிற் குடியேறினேன். ஊரில் எனக்குப் பெற்றோருக்குப் பெற்றோராய் எஞ்சியிருந்தவர் என் அக்கா. என்னிலும் எட்டு வயது மூத்தவர். அன்னை நோயுற்றிருந்த காலத்தில் என்னை இடுப்பிற் சுமந்தவர். ஏடு தொடக்கிய பின் மண்ணில் விரல்பிடித்து ‘அ’ எழுதுவித்தவர். அவருக்கும் எனக்கும் இடையில் முதலில் ஓடியவை கடிதங்களே. 1990 ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாட்டிற்கும் வெளியுலகிற்கும் இடையே தொடர்பு மிக அருகிற்று. கொழும்புக்கு வருவோர் கையிற் கொடுத்தனுப்பிய கடிதங்களும், செஞ்சிலுவைச் சங்கத்தினர் கொண்டுவந்த சிறு செய்தித் தாள்களுமே எமக்கு ஆறுதல். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபொழுது, அக்கா உயிருடன் இருக்கின்றாரா என்பதை அறிய எனக்கு நான்கு மாதங்கள் சென்றன.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. கைத்தொலைபேசியும் ஊருக்கு வந்தது. இங்குள்ள தமிழ்க் கடைகளில் ஐந்து டொலருக்கும் பத்து டொலருக்கும் அழைப்பு அட்டைகள் விற்றார்கள். நாணயத்தாற் சுரண்டி, இலக்கங்களை ஒன்றொன்றாக அழுத்தி, ‘உங்களுக்கு இத்தனை நிமிடங்கள் உண்டு’ என்ற பெண்குரலைக் கேட்ட பின்னர், ஊரின் மணியோசை கேட்கும். ஞாயிறுதோறும் அக்காவுடன் கதைத்தேன். நான்கு மாதம் செய்தியின்றிக் கிடந்தவனுக்கு வாரந்தோறும் அக்குரலைக் கேட்பது பெருஞ் செல்வமாகத் தோன்றிற்று. அதற்கு மேல் ஒன்றை வேண்டுவது பேராசையென்றே எண்ணினேன்.

கையடக்கத் தொலைபேசியில் மார்ட்டின் கூப்பர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் நியூயோர்க் வீதியில் நின்று முதன்முதற் பேசியது 1973 ஆம் ஆண்டு ஏப்பிரில் 3 ஆம் திகதி. அப்பிள் கம்பனியார் ஐபோனை விற்பனைக்கு விட்டது 2007 ஆம் ஆண்டில். நான் என் முதலாவது கைத்தொலைபேசியை வாங்கியது 2011 ஆம் ஆண்டில். அப்பொழுதே கடை நிறைய, ஸ்மார்ட் போன் என வழங்கும் திறன்பேசிகள் மின்னின. நானோ பொத்தான்கள் பதித்த எளிய கருவி ஒன்றையே கேட்டு வாங்கினேன். ஒருமுறை மின்னேற்றினால் ஐந்து நாட்கள் தாங்கும். நிலத்தில் விழுந்தாலும் உடையாது. பேசவும் கேட்கவும் உதவும். வேறென்ன வேண்டும்? நண்பர்கள் எள்ளி நகையாடினால், “கால்கள் இரண்டு இருக்க” என்று ஆசிரியரின் வாக்கையே எடுத்துவிடுவேன். பிரயாணத்திலும், விருந்திலும், ஏன், கோயில் வீதியிலுங்கூட எல்லாரும் தலைகுனிந்து கண்ணாடியை உரசுவதைக் காணுந்தோறும் என் தலை மேலும் நிமிர்ந்தது.

2019 ஆம் ஆண்டில், மெல்பேணில் வாழும் என் மகள் தான் பாவித்த திறன்பேசி ஒன்றைத் தர முன்வந்தாள். மறுத்துவிட்டேன். கொவிட் தொற்றுக் காலத்தில் இங்கே கடைக்குள் நுழைவதற்கும் வாயிலில் ஒட்டிய சதுரக் குறியைத் திறன்பேசியாற் படமெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. நான் நிற்பேன், கடைச் சிப்பந்தி என் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வான், பின்னால் வரிசை நீளும். தடுப்பூசிச் சான்றிதழைக் கடதாசியில் அச்சிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதனை விரித்துக் காட்டும்பொழுது, நான் ஒரு கொள்கைக்காக நிற்பவன் என்ற திருப்தி உள்ளூர உண்டாயிற்று. வரிசையில் நின்றவர்களின் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்காவின் மகள், என் மருமகள், ஒரு திறன்பேசி வைத்திருந்தாள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் அதன்வழி முகங்காட்டிப் பேசுவார்கள். “தம்பி, எல்லாரும் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். நீ மட்டும் இன்னமும் ரேடியோவில் வருகிறாய்” என்று அக்கா பகிடியாகச் சொல்வார். “குரல் போதாதா அக்கா?” என்பேன். “போதும், போதும்” என்பார். வீட்டிலுள்ள பழைய கணினியில் அதனைப் பெறலாமோவென ஒருமுறை விசாரித்தேன். வாட்ஸப்பைக் கணினியிற் பாவிப்பதற்கும் முதலில் ஒரு திறன்பேசியிற் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அத்துடன் விட்டுவிட்டேன். 2022 ஆம் ஆண்டில் எனக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. நெடுந்தூர விமானப் பயணம் கூடாதென வைத்தியர் விலக்கினார். 2018 ஆம் ஆண்டிற் படலையில் நின்று கையசைத்து விடைபெற்றதே ஊரைக் கண்ட கடைசி நாளாயிற்று. 2023 ஆம் ஆண்டிலே மகள் சிட்னிக்கு வந்திருந்தபொழுது, தன் கருவியில் அக்காவை அழைத்து என் முகத்தின் முன்னே பிடித்தாள். “ஐயோ, தம்பி மெலிந்துபோனான்” என்று அக்கா அழுதார், பின் சிரித்தார், பத்து நிமிடம் பார்த்துக்கொண்டேயிருந்தார். மகள் மெல்பேணுக்குத் திரும்பினாள். நான் மீண்டும் என் பொத்தான்களுக்குத் திரும்பினேன்.

இனி, தீர்மானிக்க வேண்டிய வேளை தானாகவே வந்தது. அவுஸ்திரேலியாவில் இரண்டாந் தலைமுறை வலையமைப்புக்கள் 2016 ஆம் ஆண்டு முதல் 2018 ஆம் ஆண்டுவரை ஒவ்வொன்றாக மூடப்பெற்றன. அடுத்து மூன்றாந் தலைமுறையின் முறை வந்தது. வானலைகளின் இடம் வரையறைக்குட்பட்டது. பழையதற்கு ஒதுக்கிய அலைவரிசைகளை எடுத்து நான்காம், ஐந்தாந் தலைமுறைகளுக்குக் கொடுப்பதே இதன் நோக்கம். டெல்ஸ்ரா, ஒப்ரஸ் ஆகிய இரு பெரிய கம்பனிகளும் 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28 ஆம் திகதி தொடக்கம் இதனை மூடுவதென முடிவாயிற்று. மூன்று என்ற எண்ணை 3498 என்ற இலக்கத்திற்கு அனுப்பினால் எம்மிடமுள்ள கருவி தப்புமா என்று அக்காலத்தில் விடை வந்தது. அனுப்பினேன், தப்பாதென வந்தது. இதில் மற்றொரு விபரீதமும் இருந்தது. சில கருவிகள் சாதாரண அழைப்புக்களை நான்காந் தலைமுறையில் எடுத்துச் சென்றாலும், மூன்று பூச்சியங்களை அழுத்தி உயிராபத்தில் உதவி கோரும் அழைப்பை மட்டும் மூன்றாந் தலைமுறையிலேயே அனுப்பும் இயல்புடையன. அத்தகைய கருவிகளையும் தடைசெய்ய வேண்டுமெனச் சட்டமாயிற்று. இருதய நோயாளியாகிய எனக்கு இது விளையாட்டன்று.

கடைக்குச் சென்றேன். எதிர்பாராத விதமாக அங்கே இரு வழிகள் திறந்திருந்தன. நான்காந் தலைமுறையில் இயங்கும் பொத்தான் கைத்தொலைபேசி ஒன்று 99 டொலர். திறன்பேசிகளோ முந்நூறு டொலரிலிருந்து இரண்டாயிரத்திற்கு மேலும் சென்றன. யோசித்துச் சொல்வதாகக் கூறி வீடு திரும்பினேன். தொழிற் பழக்கத்தின்படி ஒரு தாளை எடுத்து நடுவிற் கோடு கீறினேன்.

திறன்பேசிக்கு மாறான பக்கம் விரைவில் நிறைந்தது. விலை அதிகம். சில ஆண்டுகளிற் பழையதெனக் கழிக்கப்படும். நாம் எங்கே செல்கின்றோம், எதனைப் பார்க்கின்றோம் என்பவற்றை எங்கோ உள்ள வணிகர்கள் அறிவர். முதியோரை ஏமாற்றிப் பணம் பறிப்போருக்கு அது திறந்த வாயில். என் நண்பர் ஒருவர் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய குரலை நம்பிப் பெருந் தொகையை இழந்திருந்தார். யாவற்றுக்கும் மேலாக, காலம் போய்விடும். காலையில் ஒரு மணி நேரம் திருமுறை ஓதுவதும், மாலையில் நடப்பதும், இரவில் நூலொன்றில் நாலு பக்கம் வாசிப்பதும் என் சிறு செல்வங்கள். அவற்றை இக்கண்ணாடி விழுங்கிவிடுமென அஞ்சினேன். சாதகமான பக்கத்தில், வழிகாட்டும் வரைபடம் என்றும், முகம் பார்த்துப் பேசுதல் என்றும் இரண்டே எழுதினேன். முன்னதற்குத் தேவையில்லை, நான் கார் ஓட்டுவது கோயிலுக்கும் வைத்தியரிடமும் மாத்திரமே. பின்னதற்கு எதிரே, ‘குரல் போதும் என்று அக்காவே கூறியுள்ளார்’ என எழுதி வெட்டினேன். கூட்டிப் பார்த்தேன். ஐயமின்றி விடை கிடைத்தது. மறுநாள் 99 டொலரைக் கொடுத்துப் பொத்தான் கருவியை வாங்கினேன். கணக்குப் பொருந்திவிட்ட மகிழ்ச்சியுடன் அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

2025 ஆம் ஆண்டு தைப்பொங்கல் தினத்தில் ஊருக்கு அழைத்தேன். மருமகள் எடுத்தாள். பின்னணியிற் கோயில் மணியோசை கேட்டது. “அக்கா பொங்கினாவோ?” என்றேன். ஒரு கணம் மௌனம். பின்னர், “அம்மா இப்ப அடுப்படிக்குப் போறேல்லை, மாமா” என்றாள். ஏனென வற்புறுத்திக் கேட்டேன். “அம்மா சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினவ. அம்மாவுக்குக் கண் தெரியாது, மாமா.”

கண்ணினுள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அழிக்கும் நோய் அது. கிளோக்கோமா என்பர். நோவில்லை, சிவப்பில்லை. பார்வையின் ஓரங்கள் முதலில் மெல்லத் தேயும். நடுப்பகுதி எஞ்சியிருப்பதால் நோயாளி நெடுங்காலம் அறிவதில்லை. வைத்தியத்தால் எஞ்சியதைக் காக்கலாம். போனதை மீட்க இயலாது. ஓராண்டிற்கு முன்னர் வைத்தியசாலையில் இதனைக் கூறினார்களாம். அப்பொழுதே இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணிற் சிறிது ஒளி இருந்தது. அவ்வொளி இருந்த மாதங்களில், பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அழைத்து முகத்தைக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். “தம்பியிடமும் ஒரு கருவி வாங்கச் சொல்லட்டோ அம்மா?” என்று மருமகள் கேட்டிருக்கின்றாள். “அவனுக்கு அதுகள் பிடிக்காது. அவனை வருத்தாதை” என்றாராம்.

அவ்வலக்கண்ணின் ஒளி கார்த்திகை மாதத்தில் அணைந்தது. நான் கடையில் நின்று 99 டொலரை எண்ணிக் கொடுத்தது ஐப்பசியில்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கோடு கீறிய தாளை எடுத்து மீண்டும் பார்த்தேன். எழுதிய பதிவுகளில் ஒன்றேனும் பிழையில்லை. கூட்டலும் சரி. அப்பொழுதுதான் ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஆசிரியர் ஒரு நாட்காலை புதிய றலி சைக்கிளிற் கல்லூரிக்கு வந்தார். வகுப்பு முழுவதும் கூக்குரலிட்டது. “சேர், கால்கள் இரண்டு இருக்க?” என்று நானே எழுந்து கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாலை வேளையில் ஊர் வாசிகசாலையில் வறிய மாணவர்களுக்கு அவர் இலவசமாகப் பாடஞ் சொல்லி வந்தது எங்களிற் பலருக்குத் தெரியாது. கல்லூரி முடிந்து நடந்து சேர இருட்டிவிடும். மாரி காலத்தில் இன்னுந் தாமதமாகும். “நடப்பதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். இவ்வளவு காலமும் அதை நான் என் கணக்கில் எழுதவில்லை” என்றார். பின்னர்ப் பலகையின் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். வாக்கின் முதற்பாதி நகைச்சுவையாக இருந்ததனால் அதனைப் போற்றி வைத்தேன், மறுபாதியை மறந்தேன்.

எழுதாமல் விட்ட பதிவுகளை அன்றிரவு எழுதினேன். செயலி இன்றி நடவாத காரியங்களையெல்லாம், அரசாங்கப் படிவம் முதல் வைத்தியரிடம் நேரம் குறிப்பது வரை, மெல்பேணில் மகள் தன் மதிய உணவு இடைவேளையிற் செய்து தந்தாள். கோயில் வாசகர் வட்டத்தின் அறிவித்தல்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸப்பிற் போகும். எனக்கு மட்டும் நண்பரொருவர் வாரந்தோறும் தனியே அழைத்துச் சொன்னார். நான் ‘எளிமை’ என்று பெயரிட்டுப் போற்றியதன் செலவை வேறு பலர் செலுத்தி வந்தார்கள். அவர்கள் ஒருவரும் பற்றுச்சீட்டு அனுப்பவில்லை. ஆகையால் என் பேரேட்டில் அது ஏறவில்லை. எல்லாரிலும் பெரிய கடன்கொடுத்தவர் அக்கா. அவருக்குரியதை இனித் தீர்க்க இயலாது.

மறுநாட் காலை, பாடசாலை விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்த பத்து வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று, ஒருவர் பாவித்துத் திருத்திய திறன்பேசி ஒன்றை 240 டொலருக்கு வாங்கினேன். தந்தைக்கே உபதேசஞ் செய்த முருகப்பெருமானைச் சுவாமிநாதன் என்று வழிபடுகின்றோம் அல்லவா? என் வீட்டிலும் ஒரு சுவாமிநாதன் சோபாவில் அமர்ந்திருந்தான். நான் அருகே பணிந்திருந்து கேட்டேன். எழுத்தைப் பெரிதாக்குவது, அறியாதோர் அழைப்பை மறிப்பது, கேட்டது எதற்கும் ‘சம்மதம்’ என்று உடனே அழுத்தாதிருப்பது ஆகியவற்றைப் பொறுமையுடன் கற்பித்தான். தமிழில் எழுதவும் வழியுண்டென்பதை நாங்கள் இருவருமாகக் கண்டுபிடித்தோம். மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதற்கான ‘செல்லினம்’ என்னும் செயலியை 2005 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டாராம். இருபது ஆண்டுகள் நான் வீண் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். விசைகளில் எழுத்துக்களைக் கண்ட பேரன் அவற்றின் ஒலியைக் கேட்டான். கருவியை அவன் எனக்குக் கற்பிக்க, அகரம் முதலானவற்றை நான் அவனுக்குக் கற்பித்தேன்.

அன்றிரவு எட்டு மணி, ஊரிற் பிற்பகல் இரண்டரை மணியளவில், அக்காவை அழைத்தேன். மருமகள் கருவியை அவர் முன்னே பிடித்தாள். நடுத்திண்ணையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. நான் “அக்கா” என்றதும் முகத்தைத் திருப்பினார். கண்ணாடியை நோக்கியன்று, குரல் வந்த திசையை நோக்கி.

“அம்மா, மாமா போன் வாங்கிவிட்டார். உங்களைப் பார்க்கிறார்” என்றாள் மருமகள்.

அக்கா அவசரமாகத் தலைமயிரைக் கோதிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “தம்பி, நான் தெரிகிறேனா?” என்று கேட்டார்.

“தெரிகிறீர்கள், அக்கா.”

“அப்ப சரி. ஒருவராவது பார்த்தாற் காணும்.”

அதற்கு மேல் அவரும் அதைப்பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிறிது நேரங் கழித்து, “அம்மாவுக்கு முற்றத்தைக் காட்டச் சொல்லு, வேம்பு பெரிதாகிவிட்டது, பார்க்கட்டும்” என்றார். அம்மா என்பவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள். ‘தம்பிக்கு’ என்று சொல்ல வந்தவர் வாய்தவறிவிட்டார் என்று மருமகள் மெல்லச் சொன்னாள். நான் வேம்பைப் பார்த்தேன்.

இக்கட்டுரையை இங்கு முடித்தால் துயரக் கதையாகிவிடும், உண்மையும் முழுமையாகாது. எங்கள் ஊர்க் கோயிலிற் கந்தபுராண படனம் ஆண்டுதோறும் நடைபெறும். ஒருவர் பாட்டை இசையுடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். எங்கள் தந்தையார் பயன் சொல்லுபவர். அக்கா பிள்ளைப் பருவந் தொட்டு அருகில் இருந்து கேட்டவர். பாடல்களையும் பொருளையும் நினைவில் வைத்திருக்கின்றார். கண்ணொளி போனபின் அவருக்கிருந்த பெருங்குறை, வாசிக்கக் கேட்க ஆளில்லை என்பதே. மருமகளுக்கு வீட்டு வேலையும் உத்தியோகமும். பிள்ளைகள் தூர தேசங்களில்.

கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் முழுவதும், 1998 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் என்னும் இணைய நூற்றொகுதியிற் கிடைப்பதை அறிந்தேன். இப்பொழுது கிழமையில் நான்கு நாட்கள், இங்கு இரவு எட்டு மணிக்கு அக்காவை அழைக்கின்றேன். மேசையில் திறன்பேசியைச் சாய்த்து வைத்து, பழைய கணினியிற் பாடலை விரித்து, நான் வாசிப்பேன். அக்கா பயன் சொல்லுவார். என் வாசிப்பிற் பதம் பிரிக்கும் பிழை நேர்ந்தால், “நில், நில், அப்படியில்லை” என்று திருத்துவார். மண்ணில் விரல்பிடித்து எழுதுவித்த அதே அதட்டல். சில வேளைகளிற் புராணத்தை விடுத்துப் பழைய மலர்களை வாசிக்கச் சொல்வார். 2005 ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களைப் பேணத் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்திற் பாடசாலை மலர்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட 1981 ஆம் ஆண்டை அறிந்த நாங்கள் இருவரும், நூல்கள் இவ்வாறு தீயெட்டாத இடத்தில் இருப்பதைப் பற்றி ஓரிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

திறன்பேசிக்கு மாறாக நான் எழுதிய பதிவுகள் இன்றும் பிழையல்ல. அது காலத்தை விழுங்கத்தான் செய்கின்றது. முதல் மாதத்தில் திருமுறை ஓதும் நேரம் இருமுறை தவறிற்று. வஞ்சகரின் செய்திகளும் கிழமைதோறும் வருகின்றன. ஆதலால் உணவு மேசையிலும் பூசை அறையிலும் அதற்கு இடமில்லை. இரவு பத்து மணியின் பின் அது கூடத்து அலுமாரியில் உறங்கும். வங்கியின் பெயராற் பேசுவோர் எவருக்கும் இலக்கம் எதனையும் சொல்வதில்லை. இக்கட்டுப்பாடுகளை முன்னரே விதித்துக்கொண்டு வாங்கியிருக்கலாமே என்பது இப்பொழுதுதான் புலப்படுகின்றது. கருவியை மறுப்பதும் அதற்கு அடிமையாவதும் தவிர மூன்றாவது வழியொன்று எப்பொழுதும் இருந்தது.

இம்மலரைக் கையிலேந்தும் இளம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு என் தயக்கம் விநோதமாகத் தோன்றும். நீங்கள் பிறக்கும்பொழுதே இக்கண்ணாடிகள் வீட்டில் இருந்தன. ஆயினும் புதியதொன்றைக் கொள்வதா தள்ளுவதா என்ற கேள்வி வேறு உருவில் உங்களையும் தேடி வரும். அப்பொழுது உங்களுக்கு அது தேவையா, ஆசையா என்று கேளுங்கள். அது நல்ல கேள்வியே. அத்துடன், உங்கள் முடிவுக்காக எங்கேனும் ஒருவர் விளக்கைக் கொளுத்தி வைத்துக் காத்திருக்கின்றாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பதிவை எழுதிய பின்னர் கூட்டுங்கள். கொண்டாலும் தள்ளினாலும் கணக்குச் சரியாக இருக்கும்.

எமக்கு இதனைக் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை இன்றில்லை. அவர் நடந்த வீதியும், சைக்கிளைச் சாத்திய மதிலும், அன்னையின் மண்டபமும் இருக்கின்றன என்று அங்கு செல்வோர் கூறுகின்றார்கள். கட்டுரையைச் செயலாளர் பணித்தவாறே வாட்ஸப்பில் அனுப்புகின்றேன். அனுப்புமுன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “வேம்பைப் பற்றி எழுதினது சரி. என்னைப் பற்றிக் கொஞ்சம் கூடிப்போச்சு. மற்றபடி எழுத்துப் பிழை இருக்கோவென்று ஆரையேன் பார்க்கச் சொல்லு” என்றார்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.